எஞ்சியிருக்கும் இரண்டு ஆண்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளியல் குறித்து நீங்கள் எழுதும் கட்டுரைகளை என் தந்தையும் நானும் தொடர்ந்து வாசிக்கிறோம். நான் கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டு பொதுக் கல்லூரி) இரண்டாம் ஆண்டை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் பொருளியல் மாணவியாகச் சேர இரண்டு இடங்களிலிருந்து டிரான்ஸ்ஃபர் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று அரசுப் பல்கலைக்கழகமான யூசிஎல்ஏ (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம்), மற்றது தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்). உதவித்தொகை போக, யூசிஎல்ஏவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 28,000 டாலரும் யூஎஸ்சிக்கு 53,000 டாலரும் தேவைப்படும். எங்கள் சேமிப்பு முதல் தொகைக்குத்தான் போதும். ஆனால் யூஎஸ்சியில் வகுப்புகள் சிறியவை, முன்னாள் மாணவர்களின் தொடர்பு வலுவானது, அரசுப் பல்கலைக்கழகத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போய்விடுவாய் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தர ஆயத்தமாக இருக்கிறார். படிப்பு முடிந்ததும் வேலைக்குச் செல்வதா, முனைவர் பட்டம் வரை படிப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் தந்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் யூசிஎல்ஏவுக்குச் செல்லுங்கள் என்பதே என் பதில். யூஎஸ்சி தரத்தில் குறைந்தது என்று நான் கருதவில்லை. வருமானத்துக்கும் மகிழ்ச்சிக்குமான உறவை ஆராய்ந்த ரிச்சர்ட் ஈஸ்டர்லின் பல பத்தாண்டுகள் பணியாற்றிய துறை அது. ஆனால் நீங்கள் முதலாண்டில் சேரும் மாணவி அல்லர். உங்களுக்கு இருப்பது இரண்டு ஆண்டுகள். நான்கு ஆண்டுகள் தங்கப்போகிறவரும் இரண்டு ஆண்டுகள் தங்கப்போகிறவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பொருளைப் பெறுவதில்லை. உங்கள் உறவினர்களின் அறிவுரை முன்னவருக்கு ஓரளவு பொருந்தலாம். உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகுகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் பலர் பணத்தை இழப்பது இங்கேதான். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதை 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே வகுக்கப்பட்டது. யூசிஎல்ஏ உள்ளிட்ட வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழக (யூசி) அமைப்பு முதலாண்டில் சேர்க்கும் ஒவ்வோர் இருவருக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவரைச் சேர்ப்பதை இலக்காக வைத்திருக்கிறது. உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் வரிக்கு வரி பார்க்கலாம். பொதுக்கல்விப் பாடங்களை ஒரு தொகுப்பாக முடித்துச் சான்று பெற்றால் அதை யூசி அப்படியே ஏற்கும் ஏற்பாடும் உண்டு. யூஎஸ்சி தனக்கென்று பொதுக்கல்விக் கட்டமைப்பை வைத்திருப்பதால் அந்தத் தொகுப்பை மொத்தமாக ஏற்காமல் ஒவ்வொரு பாடமாகப் பார்த்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு பாடங்கள் விடுபட்டு ஒரு செமஸ்டர் கூடுதலாகத் தங்க நேர்ந்தால், யூஎஸ்சியின் ஆண்டுப் படிப்புக் கட்டணம் 70,000 டாலரைக் கடந்துவிட்ட நிலையில், அந்த ஒரு செமஸ்டருக்கு என்ன செலவாகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஆகவே யூஎஸ்சி தரும் கிரெடிட் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடங்கள் மிச்சம் என்று எண்ணிப் பார்க்காமல் அங்கே எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி பெரிய வகுப்பு என்ற அச்சம். அது பொய்யில்லை. யூசிஎல்ஏவில் பொருளியல் மிகப் பலர் படிக்கும் துறை. நுண்பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராய்தல்) போன்ற கட்டாயப் பாடங்களைப் பெரிய அரங்குகளில் கேட்பீர்கள், கேள்விகளுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களே பதில் சொல்வார்கள். ஆர்மென் ஆல்கியன், லாயிட் ஷாப்ளி போன்ற புகழ்பெற்ற அறிஞர்கள் இருந்த துறை என்ற பெருமை அந்த அரங்கின் பின்வரிசையில் இருப்பவருக்குத் தானாக எதையும் தந்துவிடாது. ஆனால் நான் அதைவிட அஞ்சுவது கால அளவை. யூசிஎல்ஏவில் செமஸ்டர் முறை இல்லை, பத்து வார குவார்ட்டர் முறை. செமஸ்டர் முறையில் படித்துவிட்டு வருபவர்கள் பாடத்தின் போக்கைப் பிடித்துக்கொள்வதற்குள் நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோ இடைத்தேர்வு வந்துவிடும். முதல் குவார்ட்டரில் மதிப்பெண் சரிந்த டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குப் பழக்கம்தான் போதவில்லை. முதல் குவார்ட்டரில் கணிதம் மிகுந்த பாடங்களை இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். இந்தக் கோடையிலேயே பல்மாறி நுண்கணிதத்தையும் புள்ளியியலையும் திரும்பப் படித்துவிடுங்கள்.

கூட்டத்தில் காணாமல் போவது என்பது பெரும்பாலும் பேராசிரியரின் அலுவல் நேரத்துக்கு (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) போகாதவர்களுக்கு நேர்வது. இருநூறு பேர் கேட்கும் வகுப்பில் அலுவல் நேரத்துக்கு வருபவர்கள் மிகச் சிலரே. இரண்டாம் வாரத்திலேயே பாடத்திலிருந்து ஓர் உண்மையான கேள்வியோடு போகும் மாணவியைப் பேராசிரியர் நினைவில் வைத்துக்கொள்வார். சிறிய வகுப்பில் இது தானாக நடக்கும், பெரிய வகுப்பில் நீங்கள் முயன்று நடத்த வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு ஒரு மதிப்பு உண்டுதான், ஆனால் அது ஆண்டுக்கு 25,000 டாலர் பெறுமா என்று கேட்டால், பெறாது என்பேன்.

நீங்கள் பொருளியல் மாணவி என்பதால், இந்தக் கேள்வியைப் பொருளியலாளர்களே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே வகையான அனுமதிகளைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டார்கள். கூடுதல் பெயருள்ள கல்லூரிக்குச் சென்றவர்கள் மற்றவர்களைவிடப் பொதுவாக அதிகம் சம்பாதிக்கவில்லை. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோரின் 2023ஆம் ஆண்டு ஆய்வு, மிகச் சிறந்த தனியார் கல்லூரிகளில் பயில்வதால் சராசரி வருமானம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், ஆனால் வருமானத்தில் உச்ச ஒரு சதவீதத்தை எட்டும் வாய்ப்பு கூடுகிறது என்றும் கண்டது. இதைக் காட்டி யூஎஸ்சிக்குப் போகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வு பேசும் பன்னிரண்டு தனியார் கல்லூரிகளில் யூஎஸ்சி இல்லை. தவிர, இரண்டு ஆய்வுகளும் முதலாண்டுச் சேர்க்கையைப் பற்றியவை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது சக்கரி ப்ளீமரும் ஆஷிஷ் மேத்தாவும் யூசி சாண்டா குரூஸ் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. அங்கே தொடக்கநிலைப் பொருளியல் பாடங்களில் சராசரி நான்குக்கு 2.8 புள்ளி இருந்தால்தான் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்க முடியும் என்ற விதி இருந்தது. அந்த வரம்பை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பொருளியலைப் படித்ததால் பணிவாழ்வின் தொடக்கத்தில் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 22,000 டாலர், அதாவது 46 சதவீதம் என்று தெரிந்தது. இது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், அதுவும் பெர்க்லியையோ யூசிஎல்ஏவையோ போலப் பெயர் பெறாத ஒரு வளாகத்தில் நடந்தது. என்ன படிக்கிறோம் என்பதன் எடை எங்கே படிக்கிறோம் என்பதன் எடையைவிடக் குறைந்ததல்ல என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அந்தத் தேர்வை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

முன்னாள் மாணவர் தொடர்பு யூஎஸ்சியின் உண்மையான பலம். தெற்கு கலிபோர்னியாவின் வணிக உலகில் அதைக் கண்கூடாகக் காணலாம். முதலீட்டு வங்கியில்தான் வேலை என்று நீங்கள் உறுதியாக இருந்தால் நான் சற்றுத் தயங்கியிருப்பேன். ஆனால் அத்துறையில் மூன்றாம் ஆண்டின் இறுதியில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுப்பது இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் மாணவர் வளாகத்துக்குள் நுழையும்போது பெரும்பாலான இடங்கள் நிரம்பியிருக்கும். அந்தத் தொடர்பின் பயன் நான்கு ஆண்டு மாணவருக்குக் கிடைப்பதுபோல் உங்களுக்குக் கிடைக்காது.

முனைவர் பட்டத்துக்கும் இதே காலக்கணக்குதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் இறுதியாண்டின் டிசம்பரில் கேட்கப்படும். அதற்குள் உங்களை அறிந்த மூன்று பேராசிரியர்கள் பரிந்துரை எழுத வேண்டும், நேரியல் இயற்கணிதமும் முடிந்தால் ரியல் அனாலிசிஸும் (நுண்கணிதத்தின் கோட்பாட்டு அடிப்படை) நல்ல மதிப்பெண்ணோடு முடிந்திருக்க வேண்டும். ஒன்றேகால் ஆண்டில் இது கடினம். ஆகவே பட்டம் பெற்றபின் ஒரு பேராசிரியரிடமோ அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலோ இரண்டு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு விண்ணப்பிப்பதை இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று பலர் அப்படித்தான் செல்கிறார்கள். அந்த வேலையின் சம்பளம் பெரிதல்ல. கடன் இல்லாதவர்தான் மனநிம்மதியோடு அதை ஏற்க முடியும்.

கடைசியாக, அப்பா வாங்கவிருக்கும் கடன். பட்டம் பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் என்றால் வேறுபாடு 50,000 டாலர். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பெற்றோரைச் சார்ந்த மாணவர் தம் பெயரில் வாங்கக்கூடிய ஃபெடரல் (மத்திய அரசு) கடன் ஆண்டுக்கு 7,500 டாலர்தான்; மீதியைப் பெற்றோர் கடனாகவோ தனியார் கடனாகவோதான் திரட்ட வேண்டும். பெற்றோருக்கான ஃபெடரல் கடனின் வட்டி அண்மை ஆண்டுகளில் 8 முதல் 9 சதவீதமாக இருக்கிறது. 9 சதவீத வட்டியில் 50,000 டாலரைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 630 டாலருக்கு மேல் வரும், மொத்தம் ஏறத்தாழ 76,000 டாலர் ஆகும். அந்தக் கடன் சட்டப்படி உங்களுடையதும் அல்ல, அவருடையது. ஓய்வுக்காகச் சேமிக்க வேண்டிய வயதில் அவர் அதைச் சுமப்பார். உங்கள் படிப்புக்காக எதையும் செய்யத் துணியும் தந்தையிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து, தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. யூசிஎல்ஏவின் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, யூஎஸ்சியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை கோரி இந்த வாரமே எழுதுங்கள். குடும்ப வருமானத்தில் மாற்றமோ மருத்துவச் செலவோ இருந்தால் ஆவணத்தோடு குறிப்பிடுங்கள். அவர்கள் தரும் கூடுதல் தொகை திருப்பிக் கட்ட வேண்டாத உதவியா, கடனா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கூட்டிக்காட்டுவது வழக்கம். வேறுபாடு ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் டாலருக்குள் சுருங்கி, கிரெடிட்டுகளும் முழுமையாக ஏற்கப்பட்டால், சிறிய வகுப்புக்காக யூஎஸ்சியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. பதில் வரவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். யூசியில் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் இடத்தை உறுதிசெய்ய வேண்டிய நாள் ஜூன் 1.

அன்புடன்,
ஆசிரியர்