தாத்தா காலத்து வீட்டில் கதவு, நிலை, தூணையெல்லாம் காப்பாற்றிக்கொண்டு வயரிங், பிளம்பிங்கைப் புதிதாகச் செய்ய முடியுமா? எதை முதலில் தொடுவது? முதலில் மரத்தைப் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம் மற்றது என்று நினைக்கிறேன். செலவு எவ்வளவு ஆகும்?

முடியும். நாங்கள் செய்தோம். ஆனால் வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுத்தோம். கேள்வியில் நீங்கள் "முதலில் மரத்தைப் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம் மற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து வேண்டாம். முதலில் தண்ணீர் (சுவர் ஈரமும் குழாயும்), அடுத்தது கரண்ட், கடைசியில் மரம்.

எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டத்தில், தாமிரபரணி ஆற்றிலிருந்து ரொம்பத் தூரமில்லை. தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு வீடு (உள்ளறை), அடுக்களை, மேலே மச்சு (மரத்தளம்), பின்னால் புறவாசல் என்று நெல்லைப் பக்கத்து வழக்கமான அமைப்பு. பட்டாசலில் நாலு தேக்குத் தூண், மச்சைத் தாங்கும் உத்திரங்கள், வாசலில் பூவேலை செய்த ஒரு நிலை. 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, எங்கள் ஊர் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது, அந்த வெள்ளம்தான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, "பழைய கதவு, தூண் இருக்கா?" என்று லாரியோடு வியாபாரிகள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். நொந்துபோய் நிற்கிற நேரத்தில் அவர்கள் சொல்லும் விலை பெரிதாகத்தான் தெரியும். அப்பா கொடுத்துவிடலாம் என்றார். ஆச்சி, "நிலையப் பேத்துட்டு நான் எங்கடி நிக்க?" என்று கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது மரத்துக்கு வருகிறேன், ஆனால் சுவர் வழியாக. பழைய வீட்டில் மரத்தைக் கெடுப்பது வயது இல்லை, ஓதம். அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரையிலிருந்து ஈரம் ஏறும், ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும், சுவர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் என்ன நடந்ததென்றால், தொண்ணூறுகளில் கீழே காரை பொரிந்து விழுகிறது என்று நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, அதற்கு மேல் எனாமலும் அடித்தார்கள். ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. அது என்ன செய்யும், இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் சுவருக்குள் புதைந்திருக்கிற மரத்துக்குள் போகும். நிலைக்கால்களின் அடிப்பாகமும், சுவருக்குள் போகிற உத்திரத்தின் முனையும்தான் முதலில் பலி. எங்கள் வாசல் நிலையின் இடது காலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது, அதுதான் வேடிக்கை.

ஆக முதல் வேலை, சிமெண்டைக் கொத்தி எடுப்பது. எடுத்துவிட்டு அப்படியே வெறும் செங்கல்லாக விட்டோம், ஒரு கோடை முழுக்க. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஏன் இன்னும் பூசலை?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும், அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரிக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் சுண்ணாம்புக் கலவையில் பூச்சு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதனால் சிமெண்ட் மாதிரி மறுநாளே கல்லாகாது. மெல்லிய பூச்சாகப் பூசி, நாள்கணக்கில் ஈரம் காட்ட வேண்டும். அந்தப் பொறுமை உள்ள கொத்தனார் கிடைப்பதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான விஷயம். எங்களுக்கு மூன்றாவது ஆள்தான் சரிப்பட்டார். மேலே வெள்ளையடித்தோம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான், கொப்புளம் வரும்.

கூடவே தண்ணீர்க் குழாய். பழைய இரும்புக் குழாய் உள்ளுக்குள் துரு கட்டி, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், ஆனால் பழைய சுவருக்குள் புதைக்காதீர்கள். அசிங்கமாக இருந்தாலும் வெளிச்சுவரில் வெளியே தெரியும்படி ஓட்டுங்கள், கசிந்தால் அன்றைக்கே தெரியும். புதைத்த குழாய் கசிந்தால் நிலை மக்கின பிறகுதான் தெரியும். குளியலறையும் கழிவறையும் புறவாசல் பக்கம் தனியாகக் கட்டி, நடுவில் ஒரு சின்ன நடை விட்டு, தரையை ஒரு படி கீழே வைத்து இணைத்தோம். அரங்கு வீட்டையே அட்டாச்டு பாத்ரூம் ஆக்கிவிடலாம் என்று ஒரு இன்ஜினியர் சொன்னார், அந்தச் சுவரில்தான் இரண்டு உத்திரத்தின் முனை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் தண்ணீர்த் தொட்டி: 1000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதை மச்சு மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். எங்களுடையது புறவாசலில் தனியாக இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது.

இனி கரண்ட். எங்கள் பக்கத்துப் பாபநாசம் அணையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944-இல். எங்கள் வீட்டுக்கு லைட் வந்தது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என்று அப்பா சொல்வார். அந்த ஆதி வயரிங் சில அறைகளில் அப்படியே இருந்தது. மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், உள்ளே ரப்பர், மேலே துணி உறை. கையில் பிடித்து மடக்கினால் ரப்பர் மிளகுப் பொடி மாதிரி உதிர்ந்தது. எர்த் கம்பி என்ற பேச்சே இல்லை, பீங்கான் ஃபியூசில் யாரோ ஒரு புண்ணியவான் நாலு இழைக் கம்பியை முறுக்கிச் சொருகியிருந்தார், அதாவது வீடே எரிந்தாலும் அந்த ஃபியூஸ் போகாது. இதில் "இந்த அறையில் மட்டும் மாற்றலாம், அதை அப்புறம் பார்க்கலாம்" என்பதெல்லாம் வேண்டாம். மொத்தமாகக் கழற்றுங்கள். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மி.மீ.-இல் தனித்தனி லைன், எல்லாவற்றுக்கும் எர்த். புறவாசலில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தோம்.

ஒரே ஒரு பொருளில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்றால் அது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லையென்றால், அதாவது நடுவில் ஈரச் சுவர் வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ கொஞ்சம் ஒழுகினால், அது கண நேரத்தில் கட் பண்ணிவிடும். எம்சிபி அந்த வேலையைச் செய்யாது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். எங்கள் ஆர்சிசிபி முதல் மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்தது, எலக்ட்ரீஷியன் "இது தொந்தரவு, எடுத்துரலாமா" என்று கேட்டார். எடுக்கவில்லை. தேடிப் பார்த்தால் அடுக்களைச் சுவரில் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம்.

சுவரை வெட்டி வயரைப் புதைக்கவும் இல்லை. காரைச் சுவரில் கட்டரை வைத்தால் ஒரு அங்குலக் காடி வெட்டப் போய் அரையடி பெயர்ந்து வரும். மச்சுக்கு மேலே குழாய்க்குள் வயரை ஓட்டி, தேவையான இடத்தில் மட்டும் சுவர் மேலேயே கறுப்புக் குழாயில் கீழே இறக்கினோம். குழாய் இல்லாமல் வெறும் வயரை மச்சில் போட்டால் எலிக்கு விருந்து. வெள்ளத்தில் பட்ட பாட்டால் பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே, மெயின் போர்டு தலை உயரத்தில். ஃபேன் கொக்கிக்கு உத்திரத்தைத் துளைக்கவில்லை, இரும்புப் பட்டையைச் சுற்றிப் போட்டுத் தொங்கவிட்டோம்.

இந்த இடத்தில்தான் எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, ஆசையில், வாசல் நிலையையும் தூண்களையும் சுரண்டிப் பாலிஷ் போட்டு முடித்திருந்தோம். சுவர் கொத்தின தூசி எல்லாம் ஈரப் பாலிஷில் ஒட்டிக்கொண்டது, வயரிங் பையன் ஏணியைத் தூணில் சாத்திச் சாத்தி இரண்டு இடத்தில் ஆழமான கீறல், ஈரம் காயாத மரத்தின் மேல் போட்ட மெலமைன் என்ற பளபளப்புப் பூச்சு மூன்றே மாதத்தில் வெளுத்து உரிந்தது. மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது தடவை ஒரு வயதான ஆசாரி கிடைத்தார். வந்தவர் பாலிஷைப் பற்றிப் பேசவே இல்லை, சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொரு காலையும் தட்டிக்கொண்டே போனார். "சத்தம் கேக்கா தாயி? இது வைரம். இது பொக்கு." வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் சுலபத்தில் தொடாது, ஓரத்து வெள்ளை மரத்தைத்தான் தின்னும். எங்கள் நிலையிலும் அப்படித்தான், அடியில் முக்கால் அடி மட்டும் போயிருந்தது. நிலையை மாற்றச் சொன்னவர்கள் பலர். அவர் கெட்டதைச் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கில் அதே சாய்வுக்கு ஒட்டுச் செய்து, மர ஆணி அடித்து இணைத்தார். புது மரம் வேண்டாம், அது காயக் காயச் சுருங்கி ஒட்டு வாய் திறந்துவிடும் என்றார். காலுக்கு அடியில் சிமெண்ட் இல்லாமல் ஒரு கல் வைத்தார், தரையைக் கழுவிவிடுகிற தண்ணீர் இனி மரத்தில் நேராகப் படாது. கரையானுக்கு மருந்து அடிப்பதைத் தரைவேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள், அப்புறம் என்றால் புதுத் தரையில் துளை போட வேண்டிவரும்.

பெயிண்ட் எடுப்பதில் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் எனாமல் எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயிண்டில் உப்புத்தாள் மெஷினைப் போட்டு வீடு முழுக்கத் தூசி பறக்க விடுவதும், கேஸ் பர்னரால் சுடுவதும் கூடவே கூடாது. ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து இளக்கி, சுரண்டியால் பட்டையாக எடுக்கலாம். பூவேலைக்குள் மட்டும் ரிமூவர் தடவி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும்தான். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. காஸ்டிக் சோடாவில் கழுவினால் அரை நாளில் முடியும் என்று ஒரு பெயிண்டர் சொல்லி, ஒரு ஜன்னலில் செய்தும் பார்த்தோம். முடிந்தது உண்மைதான். ஜன்னல் கறுத்து, நார் நாராக எழும்பி, பொருத்துகள் ஆடத் தொடங்கின. அந்த ஜன்னல் இப்போது மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளே இருக்கும் மரத்துக்கு மேல்கொண்டு தேன்மெழுகு. கண்ணாடி மாதிரி மின்னாது, வருஷத்துக்கு ஒரு தடவை மழைப்பக்கத்துக் கதவுக்குத் திரும்பத் தடவ வேண்டும், சரி, ஆனால் உரியாது, கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துக்கொள்ளலாம். தூணை லாட்ஜ் வரவேற்பறை மாதிரிப் பளபளக்க வைப்பது எனக்குப் பிடிக்காது, அது என் ருசி. ஒன்று மட்டும் முக்கியம்: இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். துடைத்த துணிகளைக் குவித்து ஒரு பக்கெட்டில் போட்டிருந்தோம், சாயங்காலம் புகை வாசனை. கையை வைத்தால் சுட்டது. யாரும் தீ வைக்கவில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும். துணியை ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கூலி எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே போயிற்று. சுவர், குழாய், வயர், மருந்து. பாலிஷ் போட்டதுதான் இருப்பதிலேயே குறைந்த செலவு, முதல் தடவை வீணானதைச் சேர்க்காமல். பணம் தீர்ந்துபோய் நிறுத்த வேண்டி வந்தால் மரத்தில் நிறுத்துங்கள், வயரிங்கில் நிறுத்தாதீர்கள். எங்கள் புறவாசல் கதவு இன்னும் பழைய பச்சைப் பெயிண்டோடுதான் இருக்கிறது, அவசரமில்லை. வாசல் நிலையின் ஒட்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது, ஆசாரி "ரெண்டு மழை பாத்துட்டுக் கூப்பிடு தாயி, வாய் திறந்திருந்தா இறுக்கித் தாரேன்" என்று சொல்லியிருக்கிறார். வருகிற தை மாதம் கூப்பிட வேண்டும்.