இங்கிலாந்துப் பள்ளியில் பிள்ளைக்கு இலவசப் பால்: பதிவு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

கேள்வி: கணவரின் வேலை விசாவில் லண்டன் வந்திருக்கிறோம். மகள் செப்டம்பரில் ரிசெப்ஷன் வகுப்பில் (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர்கிறாள், ஏப்ரலில் அவளுக்கு ஐந்து வயது முடிகிறது. பள்ளி கொடுத்த தாள்களில் "ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பால், பதிவு செய்யவும்" என்று ஒன்று இருக்கிறது. எங்கள் விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ்" எதையும் பெறக்கூடாது என்று போட்டிருக்கிறதே, இதை வாங்கலாமா? எப்படிப் பதிவது? இரண்டு வயது மகன் நர்சரிக்குப் போகிறான், அவனுக்கும் உண்டா?

பதில்:

தாராளமாக வாங்கலாம். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. மகனுக்கும் உண்டு. முடிந்தால் இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

நான் லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறைக்கு முன்னால் புதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தாள்கள் கொடுக்கும்போது, நம் ஊர் அம்மாக்கள் அதிகம் தயங்குவது இந்தப் பால் தாளில்தான். நீங்கள் கேட்ட அதே கேள்வியைத் தாழ்ந்த குரலில் என்னிடம் தமிழில் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விசா. "பப்ளிக் ஃபண்ட்ஸ்" என்றால் அரசு செலவழிக்கும் எல்லாப் பணமும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எவையெல்லாம் அதில் அடங்கும் என்று குடிவரவு விதிகளில் பட்டியலே இருக்கிறது: யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித்தொகை), சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்காகத் தரும் உதவித்தொகை), வீட்டு வாடகை உதவி, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் வரிக் குறைப்பு, கவுன்சில் வீடு, இந்த மாதிரி. இவற்றுக்கு நீங்கள் விண்ணப்பிக்கக் கூடாது. குறிப்பாக சைல்ட் பெனிஃபிட். எல்லாரும் வாங்குகிறார்களே என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு அதற்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். ஆனால் அரசுப் பள்ளிப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நர்சரிப் பால் எனப்படும் இந்தப் பாலும் இல்லை. மகள் பள்ளியில் இலவசமாகப் படிப்பது எப்படியோ, அங்கே பால் குடிப்பதும் அப்படித்தான்.

அடுத்த தயக்கம் இன்னும் நல்ல மனதிலிருந்து வருவது. "எங்களுக்குச் சம்பளம் வருகிறது, இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்" என்று தாளைத் திருப்பித் தருபவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் பால் இன்னொரு பிள்ளைக்குப் போவதில்லை. இது ஒரு பானையில் இருப்பதைப் பங்கு போடும் ஏற்பாடு அல்ல. எத்தனை பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப்பட்டதோ அதற்கான செலவை அரசு திருப்பித் தருகிறது. நீங்கள் பதியாவிட்டால் உங்கள் மகளுக்குரிய பால் வராது, அவ்வளவுதான். வருமானத்தை யாரும் கேட்பதும் இல்லை. ஐந்து வயது ஆகவில்லை, அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கிறாள் என்ற இரண்டும் போதும். நாளொன்றுக்கு 189 மில்லி, அதாவது பைண்ட் என்ற பிரிட்டிஷ் அளவில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த அளவு இன்று நேற்று வந்ததல்ல. 1934இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பைண்ட் பாலை அரைப் பென்னிக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்த கையோடு, 1946இல், 18 வயதுக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அது இலவசமானது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் எலன் வில்கின்சன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தார்கள். 1968இல் பிரதமர் ஹரால்ட் வில்சனின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நிறுத்தியது. 1971இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்தினார். "பால் பறித்தவர்" என்ற பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. 2010இல் ஐந்து வயதுக்குட்பட்டோரின் பாலையும் நிறுத்தலாம் என்று சுகாதாரத் துறையில் ஒரு யோசனை எழுந்தபோது, பிரதமர் டேவிட் கேமரன் தரப்பு உடனே அதை மறுத்துவிட்டது. பல தலைமுறையாக இந்த நாட்டு மக்கள் விட்டுக்கொடுக்க மறுத்து மிச்சம் வைத்திருப்பது இது. இதை வாங்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சரி, எப்படிப் பதிவது என்று பார்ப்போம். பள்ளிக்குப் பள்ளி இது மாறும். சில பள்ளிகள் தாங்களே பால் வாங்கிச் செலவை அரசிடமிருந்து திரும்பப் பெறுகின்றன. அங்கே ஒரு தாளில் ஆம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். பல பள்ளிகள் ஒரு நிறுவனத்தின் மூலம் பால் வரவழைக்கின்றன. கூல் மில்க் அவற்றில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர். அப்படியானால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே பதிய வேண்டும்: பள்ளியின் பெயர், பிள்ளையின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, உங்கள் மின்னஞ்சல். சம்பளச் சீட்டு, விசா விவரம் எதுவும் தேவையில்லை. உங்கள் பள்ளியில் எந்த வழி என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், பிள்ளை பெயர் ஓரிடத்தில் இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஏறியிருக்கும், பால் பதிவில் அம்மா வீட்டில் கூப்பிடும் பெயரையும் இனிஷியலையும் போட்டிருப்பார். இரண்டும் ஒரே பிள்ளைதானா என்று அலுவலகத்தில் தேட வேண்டியிருக்கும். அதற்குள் பால் தொடங்குவது தள்ளிப்போகும். பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ, ஓர் எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள்.

நாள் தள்ளிப் பதிந்தால் போன வாரங்களுக்கான பால் திரும்பக் கிடைக்காது. தானாக வரும் என்று காத்திருப்பதுதான் நம் ஊர்ப் பெற்றோரிடம் நான் அதிகம் பார்ப்பது. அதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் சத்துணவு முட்டைக்கு யார் இணையத்தில் பதிந்தார்கள்? வரிசையில் உட்கார்ந்தால் தட்டில் வந்துவிடும். இங்கேயும் சில விஷயங்கள் அப்படித்தான். அரசுப் பள்ளியில் ரிசெப்ஷன் முதல் இரண்டாம் வகுப்புவரை தினமும் ஒரு பழமோ காய்கறியோ கொடுப்பார்கள். அதற்கு யாரும் எதுவும் நிரப்ப வேண்டாம். காலை இடைவேளையில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் பழம் இருக்கும், சில பிள்ளைகள் முன்னால் மட்டும் பால் இருக்காது. "எனக்கு ஏன் இல்லை, மிஸ்?" என்று நான்கு வயதுப் பிள்ளை கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்வது? அம்மாவுக்கு வந்த தாள் பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது.

உங்கள் மகளுக்கு ஏப்ரல் பிறந்தநாள் என்பதால் செப்டம்பரிலிருந்து அதுவரை இலவசம். இந்தப் பிறந்தநாள் கணக்கு எனக்கு எப்போதும் மனதை உறுத்தும் ஒன்று. இங்கே பள்ளி வருடத்துக்கான கோடு ஆகஸ்ட் 31. ஒரே வகுப்பில், செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளி திறந்த உடனேயே ஐந்து முடிந்துவிடும், பால் கிடைக்காது. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர். பிள்ளைகளுக்கு இந்தக் கோடு புரிவதில்லை. ரிசெப்ஷன் முடியும்வரையாவது எல்லாருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேல்ஸில் ஏழு வயதுவரை கொடுக்கிறார்கள்.

ஐந்து முடிந்த பிறகு தொடர வேண்டுமானால் காசு கட்ட வேண்டும், கடை விலையை ஒட்டிய சின்னத் தொகைதான். வேண்டாம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், நீங்கள் கட்டாமல் தொடராது. மதிய உணவோடு பள்ளி பால் கொடுத்தால், இரண்டாம் வகுப்புவரை அது உணவோடு சேர்ந்து இலவசம்தான். 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் அந்த வகுப்புகளில் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து மேயர் சாதிக் கான் அதைத் தொடக்கப் பள்ளி முழுவதற்கும் விரித்தார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், படிக்கும் வேறு யாருக்காவது உதவும். பால் பதிவு வேறு, வருமானத்தைப் பார்த்து இலவச உணவுக்கு விண்ணப்பிக்கும் படிவம் வேறு. "எப்படியும் சாப்பாடு இலவசம்தானே" என்று குறைந்த வருமானக் குடும்பங்கள் இரண்டாவதை நிரப்பாமல் விடுகின்றன. அதை நிரப்பித் தகுதி பெற்றால் அந்தப் பிள்ளைக்காகப் பள்ளிக்குத் தனி நிதி வரக்கூடும். பிள்ளை ஐந்து வயதைத் தாண்டினாலும் பள்ளிப் பால் இலவசமாகத் தொடரும். 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் இலவச உணவுத் தகுதி உண்டு என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. உங்களைப் போல விசாக் கட்டுப்பாடு உள்ள குடும்பங்களிலும் வருமானம் குறைவாக இருந்தால் இதற்குத் தனி வழி இருக்கிறது. பள்ளியில் கேளுங்கள், கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இனி பால் பற்றியே கொஞ்சம். பள்ளியில் கொடுப்பது சாதாரணப் பசும்பால், பெரும்பாலும் கொழுப்பு பாதி எடுத்தது. சர்க்கரை கிடையாது, காய்ச்ச மாட்டார்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொடுப்பார்கள். "பச்சைப் பாலா? சளி பிடிக்காதா?" என்று பாட்டிகள் ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். அது பச்சைப் பால் அல்ல, பாஸ்டரைஸ் செய்தது, அதாவது முன்பே சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றது. காய்ச்சாமல் குடிக்கலாம். குளிர்ந்த பால் குடிப்பதால் சளிக் காய்ச்சல் வருவதில்லை. அது கிருமியால் வருவது, செப்டம்பரில் பள்ளி திறந்ததும் பால் குடிக்காத பிள்ளைகளுக்கும் வரத்தான் செய்யும். உண்மையான சிக்கல் பழக்கம்தான். வீட்டில் ஹார்லிக்ஸ் கலந்து சூடாகக் குடித்த பிள்ளை முதல் வாய் குளிர்ந்த பாலில் முகம் சுளிக்கும். ஆகஸ்டில் வீட்டிலேயே சர்க்கரை போடாமல், சூடாக்காமல், சின்ன டம்ளரில் கொடுத்துப் பழக்குங்கள். பள்ளியில் பத்துப் பேர் குடிப்பதைப் பார்த்தால் மிச்சம் தானாக வந்துவிடும். அந்த 189 மில்லியில் ஏறக்குறைய 225 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இந்த நாட்டில் பரிந்துரைப்பது 450. பாதி வேலை காலை இடைவேளையிலேயே முடிந்துவிடுகிறது.

பால் குடித்தால் வயிறு உப்புவது, வலிப்பது, பேதியாவது என்று முன்பே கவனித்திருந்தால் பதிவதற்கு முன் ஜி.பி.யிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) காட்டுங்கள். பால் ஒவ்வாமை இருந்தால் பள்ளியின் மருத்துவப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். இங்கிலாந்தின் திட்டத்தில் பசும்பால் மட்டும்தான், சோயா பாலோ ஓட்ஸ் பாலோ கிடையாது. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்டிலிருந்து பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு மாற்றுப் பாலும், கூடவே ஒரு பழமோ காய்கறியோ கொடுக்கிறார்கள். இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் உங்கள் மகன். நர்சரியில் நீங்கள் எதையும் பதிய வேண்டியதில்லை, நர்சரிதான் பதிந்து செலவைத் திரும்பப் பெற வேண்டும். தனியார் நர்சரி, வீட்டில் வைத்துப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற சைல்ட்மைண்டர், யாரானாலும் இது பொருந்தும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் பால்மாவாகவும் வாங்கலாம். ஆனால் இதில் சேராமலே இருக்கும் இடங்களும் உண்டு. மகனைக் கொண்டுபோய் விடும்போது மேலாளரிடம் "நர்சரி மில்க் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, பால் செலவு திரும்ப வரும் என்று சொல்லுங்கள். அவர்கள் சேரும் நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அதனால் விடுமுறை வருமுன் கேட்பது நல்லது.