மேலாளர் ‘மைட் வான்ட் டு’ என்றால் என்ன செய்வது?

தம்பி, லண்டனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், மேலாளர் ஒரு ஃபைலை அனுப்பி ‘யூ மைட் வான்ட் டு செக் திஸ்’ என்று எழுதியிருக்கிறார், இது யோசனையா உத்தரவா, நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உத்தரவுதான். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் அறிவுரை, மே, மைட் எல்லாம் செய்தாலும் சரி விட்டாலும் சரி ரகம் என்றுதான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரிசை இங்கே காகிதத்தில் செல்லும், பேச்சில் பல நேரம் தலைகீழ். பக்கத்து வீட்டுக்காரர் ‘யூ மஸ்ட் கம் ரவுண்ட் ஃபார் டின்னர்’ என்பார். தேதி சொல்லாதவரை அது வெறும் உபசாரம், போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள்.

காகிதத்துக்கு ‘ஹைவே கோட்’ என்கிற இங்கத்திய சாலை விதிப் புத்தகத்தைப் பாருங்கள். எப்படியும் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும், இங்கே குடிவந்தபின் நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். அதில் மஸ்ட், மஸ்ட் நாட் என்று பெரிய எழுத்தில் இருந்தால் பின்னால் சட்டம் நிற்கிறது, மீறினால் குற்றம். ஷுட் என்று இருந்தால் அதை மீறியதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. அப்போ விட்டுவிடலாமே என்று தோன்றும், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். விபத்து நடந்து விஷயம் கோர்ட்டுக்குப் போனால், நீங்கள் அந்த ஷுட்டைப் பின்பற்றவில்லை என்பதை உங்களுக்கு எதிராகவே எடுத்து வைக்க 1988-ஆம் ஆண்டு ரோடு டிராஃபிக் சட்டம் இடம் தருகிறது. ஜீப்ரா கிராஸிங்கில் கால் வைத்து நடந்துகொண்டிருப்பவருக்கு வழிவிடுவது மஸ்ட். ஓரத்தில் கடக்கக் காத்து நிற்பவருக்கு ஷுட், 2022 ஜனவரியில் வந்த மாற்றம். இரண்டுக்குமே நிறுத்துங்கள்.

அப்புறம் நீங்கள் எழுதும் மெயில். ‘யூ மஸ்ட் செண்ட் இட் பை ஃப்ரைடே’ என்று கூட வேலை செய்பவருக்கு எழுதினால், இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இவன் என்ன சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார்கள். ‘குட் யூ’ என்று ஆரம்பித்து, எதற்காக வெள்ளிக்கிழமை என்று காரணத்தையும் எழுதுங்கள், வேலை நடக்கும். ‘யூ ஹேட் பெட்டர்’ வேண்டவே வேண்டாம். இப்படிச் செய்தால் நல்லது என்கிற அர்த்தத்தில் நம்மவர்கள் அதை மேலாளரிடமே சொல்கிறார்கள், அவர் காதில் ‘செய்யாவிட்டால் பார்த்துக்கொள்’ என்று விழும்.

சாயங்காலம் மேலாளர் ‘யூ டோன்ட் ஹேவ் டு ஸ்டே’ என்றால் உண்மையாகவே கிளம்பலாம், அதில் உள்குத்து எதுவும் இல்லை (அவர் எழும்வரை நாமும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பழக்கத்தை இங்கே யாரும் மெச்சுவதில்லை). ‘மஸ்ன்ட்’ என்றால்தான் கூடவே கூடாது. மற்றபடி குழப்பமாக இருந்தால் ‘டு யூ நீட் திஸ் டுடே?’ என்று நேராகக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.