106 சதவீத மழை எங்கள் கொல்லையில் ஏன் பெய்யவில்லை?

வாசகர் கேள்வி – பதில்: நீண்டகால வானிலைக் கணிப்பு

2024-ல் தென்மேற்குப் பருவமழை 106 சதவீதம் என்று இந்திய வானிலைத் துறையினர் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். அதை நம்பி மானாவாரியில் கடலை போட்டேன். விழுது இறங்குகிற நேரத்தில் மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. அப்புறம் எதற்கு இந்த அறிவிப்பு?
– வாசகர், பாலக்கோடு

அந்த 106 உங்கள் கொல்லைக்குச் சொன்ன எண் அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம், நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு எண். 1971 முதல் 2020 வரையிலான சராசரி 87 செ.மீ.; அதில் 106 சதவீதம் என்றால் சுமார் 92 செ.மீ. அந்த ஆண்டு பெய்தது 108 சதவீதம். அவர்கள் கணக்குப்படி கணிப்பு பலித்தது. ராஜஸ்தானில் கொட்டியதும் பாலக்கோட்டில் பொய்த்ததும் அதே கூட்டலில்தான் சேரும்.

எப்போதும் இப்படிப் பலிப்பதில்லை. 2002-ல் 101 சதவீதம் என்றார்கள், பெய்தது 81. 2009 ஏப்ரலில் 96 என்றார்கள், பெய்தது 78. 2019-ல் அதே 96, பெய்ததோ 110. மறுபக்கம், 2015-ல் முதலில் 93 என்று சொல்லி, ஜூனில் 88-ஆகக் குறைத்தார்கள். கடைசியில் 86-ல் நின்றது. ஏப்ரல் கணிப்போடு '5 சதவீதம் கூடலாம், குறையலாம்' என்று ஒரு வரி வரும். செய்தித்தாளில் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். மே கடைசியில் வரும் திருத்தம் ஏப்ரல் கணிப்பைவிட நம்பகமானது. ஏப்ரலில் விதை வாங்க ஓட வேண்டாம்.

உங்களைக் கெடுத்தது மொத்த மழை அல்ல, இடைவெளி. நான்கு மாதத்து மழை ஆறு நாளில் கொட்டித் தீர்த்தாலும் கணக்கில் அது 'இயல்பு' மழைதான். எந்த வாரம் காயும் என்று பருவக் கணிப்பு சொல்லாது, சொல்லவும் முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் மாவட்டவாரியாக எதிர்பார்க்கும் மழையளவை வெளியிடுகிறது. நாட்டுக் கணக்கைவிட அது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதுவும் மாவட்டச் சராசரி என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒகேனக்கல் பக்கமும் அரூர் பக்கமும் ஒரே தருமபுரி மாவட்டம்தானே!

செல்போன் ஆப் ஒன்று அடுத்த 45 நாளுக்குத் தேதிவாரியாக மழை, வெயில் காட்டுகிறது. கல்யாணத் தேதி பார்க்கலாமா?
– வாசகி, அரூர்

மண்டபத்துக்குள் கல்யாணம் என்றால் பாருங்கள்! காற்றுமண்டலத்தில் இன்று இருக்கும் கடுகளவு வித்தியாசம் நாளாக நாளாகப் பெருகிக்கொண்டே போகும் என்பதை அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-லேயே காட்டிவிட்டார். இரண்டு வாரத்துக்கு அப்பால் 'இன்ன தேதியில் மழை' என்று சொல்ல எந்தக் கணினியாலும் ஆகாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: இன்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஐந்து நாள் கழித்து அதே தேதியைத் திறந்து ஒப்பிடுங்கள். 20-ஆம் நாளுக்குப் பிறகு போட்டிருந்த மேகமும் சூரியனும் இடம் மாறிக் கிடக்கும்.

'இயல்பைவிட அதிக மழைக்கு 45 சதவீத வாய்ப்பு' என்கிறார்களே, பாதிகூட இல்லையே?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பாதியோடு ஒப்பிடக் கூடாது, மூன்றில் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பழைய ஆண்டுகளின் மழையைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள். எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 45 என்றால் தராசு மழைப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். மீதி 55 சதவீதம் மற்ற இரண்டு பங்குக்கும் உண்டு. கணிப்பு வரைபடத்தில் உங்கள் பகுதி வெள்ளையாக இருந்தால் அது 'இயல்பு மழை' அல்ல, 'எந்தப் பக்கமும் சாயவில்லை' என்று அர்த்தம். பலரும் தவறாகப் படிப்பது இந்த இடம்தான்.

இந்தச் சதவீதத்தை வேலைக்குக் கொண்டுவர ஒரு கணக்கு: தடுப்புச் செலவை நஷ்டத்தால் வகுங்கள். களத்தில் கேழ்வரகு காய்கிறது. தார்ப்பாய் வாடகை 400 ரூபாய், நனைந்தால் நஷ்டம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் பத்தில் ஒன்று. மழைக்கு 10 சதவீத வாய்ப்பைத் தாண்டினாலே தார்ப்பாய் எடுத்துவிட வேண்டியதுதான். கிணறு ஆழப்படுத்தக் கடன் வாங்குவது போன்ற பெரிய முடிவுக்கு 45 போதாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் ஊரில் 50 செ.மீ. மழை. பருவக் கணிப்பில் ஒரு வார்த்தை இல்லையே?
– வாசகர், ஊத்தங்கரை

இருக்காது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து, மெதுவாக உள்ளே நகர்ந்து வந்து கொட்டிய மழை அது. புயல் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் சில நாள், சில மணி நேரக் கணக்கு. இந்த மாதிரி ஆபத்துக்கு மாவட்ட எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும்தான் பார்க்க வேண்டும். 20.4 செ.மீ.-க்கு மேல் பெய்தாலே 'அதி கனமழை'. உங்கள் ஊரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

எல் நினோ வருகிறது என்கிறார்கள். கடலையை விட்டுச் சாமைக்கு மாறலாமா?
– வாசகி, பர்கூர்

பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவுக்கு நம் பக்கம் இரண்டு முகம். தென்மேற்குப் பருவத்தை அது பெரும்பாலும் தளர்த்தும், வடகிழக்கை ஊக்குவிக்கும். இரண்டு பருவத்திலும் மழை வாங்கும் நமக்கு ஆடி பொய்த்து ஐப்பசி கொழிக்கலாம். அதுவும் கட்டாயமில்லை. 1997-ல் கடுமையான எல் நினோ, நாட்டு மழை 102 சதவீதம். அதே கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா என்றால் வடகிழக்கு படுத்துவிடும் என்பார்கள். 2016-ல் அப்படியே நடந்தது, தமிழகத்தில் 62 சதவீதம் குறைவு. 2021-ல் அதே லா நினா, மழை வெளுத்து வாங்கியது.

மார்ச், ஏப்ரலில் சொல்லும் எல் நினோ கணிப்பு தடுமாறும். ஜூன் நடுவில் திரும்பப் பாருங்கள். அப்போதும் எல் நினோ வலுத்தால் பாதி நிலத்தைச் சாமை, கேழ்வரகுக்கு விடலாம். கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை வேண்டும். முளைத்துக் கருகினால் போகும் பணம் அதிகம். சிறுதானிய விதை சில கிலோதான். ஆடியும் ஆவணியும் கைவிட்டால் புரட்டாசியில் கொள்ளு இருக்கிறது. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைப் பாசனம் என்றால் கிருஷ்ணகிரி மழையை மட்டும் பார்த்துப் பயனில்லை. தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து வருகிறது. வானிலை அறிக்கையில் 'தெற்கு உள் கர்நாடகம்' என்ற வரியையும் படியுங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு எந்த நாளில் விதைப்பது?
– வாசகர், பென்னாகரம்

வியாழக்கிழமைதோறும் இந்திய வானிலைத் துறை அடுத்த நான்கு வாரத்துக்கான கணிப்பை வெளியிடுகிறது. முதல் இரண்டு வாரத்தை உழவு, விதை, ஆள் ஏற்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்காம் வாரம் வெறும் சாடை. விதைக்கும் நாளை ஐந்து நாள் கணிப்பும் மண்ணும் சேர்ந்து சொல்லட்டும். செம்மண்ணில் 15 செ.மீ. தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டை உடையாமல் நின்றால் ஈரம் போதும். 10 மி.மீ. தூறலை நம்பி விதைத்தால் முளைவிடும், ஒரு வாரக் காய்ச்சலில் கருகும். அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானிகளில் கால்வாசிக்கு மேல் நனையாது என்று அர்த்தம். அதை நம்பி விதையைக் கொட்டாதீர்கள்.

பஞ்சாங்கத்தில் மரக்கால் கணக்கு, மார்கழிக் கர்ப்போட்டம் எல்லாம் பலிக்குமா?
– வாசகர், காரிமங்கலம்

இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று சொல்லும் கணக்கில் ஊர் பெயரோ தேதியோ இல்லாததால் தப்பென்று நிரூபிக்கவும் வழியில்லை. மார்கழி மேகத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்லும் கர்ப்போட்டத்தைச் சோதிக்கலாம். எந்த நாள் மேகம், எந்த நாள் வெயில், அதற்கு எந்த மாதம் மழை என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டு, பிறகு மழையை அளந்து ஒப்பிடுங்கள். பலிக்காததையும் எழுத வேண்டும். அளக்க 20 செ.மீ. வாயுள்ள புனலும் அடியில் ஒரு கேனும் போதும். மரம், கூரை இல்லாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளவுக் குவளையில் ஊற்றுங்கள். 314 மி.லி. இருந்தால் 10 மி.மீ. மழை. கேனில் வெயில் பட்டால் நீர் ஆவியாகும், கேனைப் பாதி மண்ணில் புதைத்து வையுங்கள்.