ஊருக்குத் திரும்பினால் பிரிட்டிஷ் பென்ஷன் என்னாகும்?

கேள்வி: எனக்கு 67 வயது. 1980களில் லண்டன் வந்து பிரிட்டிஷ் பிரஜையானவன். ஸ்டேட் பென்ஷன் (பிரிட்டிஷ் அரசின் முதியோர் பென்ஷன்) எடுக்கிறேன். மனைவியோடு யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்கே போய்விட ஆசை. காலமான அம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் காணியும் விலைக்கு வருகிறது. பென்ஷன் அங்கே கிடைக்குமா? வேறு சிக்கல் உண்டா?
- வாசகர், ஹரோ

பதில்: பென்ஷன் கிடைக்கும் அண்ணா, ஆனால் ஏறாது. நான் பிரிட்டனின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இல் தாதியாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது நல்லூரில் இருக்கிறேன். என் கணக்கில் இரண்டு பென்ஷன் விழுகிறது. என்.எச்.எஸ். பென்ஷன் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறுகிறது. ஸ்டேட் பென்ஷன் நான் வந்தபோது இருந்த தொகையிலேயே நிற்கிறது.

2016 ஏப்ரலில் முழு பென்ஷன் கிழமைக்கு 155.65 பவுண். அப்போது அதை எடுத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தவருக்கு இன்றும் அதேதான். லண்டனில் இருந்திருந்தால் 2025இல் 230.25 வந்திருக்கும். இதே இந்து சமுத்திரத்தில் மொரீசியஸில் குடியேறியிருந்தால் வருடாவருடம் ஏறும், ஏனென்றால் அந்த நாட்டோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே அளவு கட்டிய காசுக்கு இப்படியொரு பாகுபாடு பெரிய அநியாயம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போய் 2010இல் தோற்றது. லண்டனுக்கு வந்து நிற்கும் நாட்களுக்கு மட்டும் புதிய தொகையைக் கேட்டு வாங்கலாம். ஆகவே இன்றைய தொகையே கடைசிவரைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வருமானம் குறைந்த முதியோருக்குக் கிடைக்கும் பென்ஷன் கிரெடிட் உதவி எடுப்பவரென்றால் அதுவும் நின்றுவிடும்.

2022இல் ரூபாய் சரிந்தபோது பவுணின் பெறுமதி ஏறியது உண்மை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் காஸ் சிலிண்டர் இல்லாமல் எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்பினோம். மருந்துக் கடையில் பிரஷர் குளிசை ஒரு கிழமைக்கு மேல் தரவில்லை. நாணயமாற்றை நம்பி வரவேண்டாம்.

அடுத்தது காணி. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இலங்கையில் காணி வாங்க முடியாது. அம்மாவின் வீடு உரித்தாக வருவதற்குத் தடையில்லை. பக்கத்துக் காணிக்கு இரட்டைக் குடியுரிமை வேண்டும். நீங்கள் 55 வயதைத் தாண்டியவர் என்பதால் அந்த அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பிரிட்டிஷ் பொலிஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் அங்கே இருக்கும்போதே எடுத்து, லண்டன் உயர் ஸ்தானிகராலயத்தில் கொடுங்கள். ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென்று தனி விசாவும் உண்டு. அதற்கு வங்கியில் டொலர் வைப்புக் காட்டி, மாதாமாதம் டொலரும் கொண்டுவர வேண்டும். பிறந்த மண்ணில் விசா புதுப்பித்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

தாதியாக ஒன்று சொல்கிறேன். நிரந்தரமாக வெளியேறினால் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரியின் இலவச சிகிச்சை உரிமை போய்விடும். திரும்பவும் அங்கே குடியேறினால்தான் கிடைக்கும். கண்புரை, முழங்கால் என்று காத்திருப்போர் பட்டியலில் இருவரில் யாருடைய பெயர் இருந்தாலும், அதை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வந்த பிறகு, நீங்கள் உயிரோடு இருப்பதாக உறுதிசெய்யும் படிவம் பென்ஷன் அலுவலகத்திலிருந்து தபாலில் வரும். சாட்சியின் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சிக்கு மாரிமழையில் அது பிந்தி வந்து, மகளின் காசில் சீவிக்க வேண்டியதாயிற்று. சரியான விலாசம் கொடுத்து வையுங்கள்.

அம்மாவின் வீட்டு உறுதியையும் (சொத்துப் பத்திரம்) இப்போதே தேடி எடுங்கள். உங்கள் பெயருக்கு எழுதாமல் போயிருந்தால் சகோதரங்களுக்கும் பங்கு உண்டு. எல்லோரோடும் பேசி முடித்துவிட்டு வீட்டுத் திருத்த வேலையைத் தொடங்குங்கள்.