பதினொரு வயதுப் பெண் ஏன் உட்கார்ந்து தூங்குகிறாள்?

கேள்வி: நாங்கள் விசுவாசக் குடும்பம். நான்கு பிள்ளைகள், நால்வருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். மூத்தவளுக்கு 11 வயது, கடைசிக் குழந்தைக்கு 9 மாதம். மருந்து மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கஷாயம், தைலம் போட்ட ஆவி, இருமலுக்குத் தேன், எல்லாவற்றுக்கும் மேலாக ஜெபம், இவற்றிலேயே பிள்ளைகள் வளர்கிறார்கள். மூத்தவளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. ஒன்பது வயதில் கர்த்தர் சுகம் கொடுத்தார், அவளே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். அதற்குப் பிறகு உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், அது அவள் பழக்கம், மற்றபடி நல்ல ஆரோக்கியம். பிரச்சினை என் தங்கைதான். அவள் நர்ஸ். வரும்போதெல்லாம் பெரியவளை டாக்டரிடம் காட்டு என்று நச்சரிக்கிறாள். இனி அவள் இங்கே வர வேண்டாம் என்கிறார் என் கணவர். உறவும் முறியக்கூடாது, அவள் வாயும் அடங்க வேண்டும். என்ன செய்வது?

பதில்:

சகோதரி, உங்கள் தங்கை கதை கடைசியில். நீங்கள் கேட்டிருப்பது அவளைப் பற்றித்தான், நடுவில் ஒரே ஒரு வரியில் மகள் உட்கார்ந்து தூங்குவதைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

உட்கார்ந்து தூங்குவது எந்தப் பிள்ளைக்கும் பழக்கம் கிடையாது. பிள்ளைகள் குறுக்கே நெடுக்கே உருண்டு, கூடப் படுத்திருப்பவர் மேல் காலைப் போட்டுத் தூங்குவார்கள். பதினொரு வயதுப் பெண் ஒவ்வொரு இரவும் தலையணையைச் சுவரில் சாய்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள் என்றால், படுத்தால் அவளுக்கு மூச்சு விட முடியவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முன்னால் வீசிங் இருந்த பிள்ளை வேறு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆஸ்துமாவின் சுபாவமே இரவில் தலை தூக்குவதுதான். மூச்சுக்குழாய்கள் இரவில் இன்னும் கொஞ்சம் சுருங்கும், விடியலுக்கு முந்தைய நேரம்தான் மோசம். எல்லாப் பிள்ளைக்கும் விசில் மாதிரிச் சத்தம் வரும் என்று இல்லை, சிலருக்கு வறட்டு இருமல் மட்டும் வரும், சிலருக்கு ஸ்டெதஸ்கோப் வைத்தால்தான் சத்தமே கேட்கும். நீங்கள் பகலில் பார்க்கும் பெண் நன்றாகத்தான் தெரிவாள். அதனால் வேறு சில விஷயங்களைக் கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். விழுந்து விழுந்து சிரித்த பிறகு இருமுகிறாளா? தம்பி தங்கைகளோடு ஓடும்போது பாதியில் நின்று, நீங்கள் விளையாடுங்கள் நான் பார்க்கிறேன் என்று ஒதுங்குகிறாளா? குடும்ப ஜெபத்தில் பாடும்போது ஒரு நீளமான வரியை ஒரே மூச்சில் முடிக்கிறாளா, அல்லது நடுவில் விட்டுவிட்டு மற்றவர்களோடு அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறாளா? காலையில் பாடம் நடக்கும்போது கண் சொக்குகிறதா? அதைச் சோம்பல் என்று நீங்கள் கண்டித்திருந்தால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடிநாய்டு சதை வீங்குவது, வயிற்று அமிலம் மேலே ஏறுவது, இதயக் கோளாறு என்று படுத்தால் மூச்சு முட்டுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் ஒரு மருத்துவர் அவள் மார்பில் கை வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். இதில் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

அடுத்தது, இன்னும் கஷ்டமானது. அவள் ஏன் உங்களிடம் சொல்லவில்லை?

ஒன்பது வயதுக் குழந்தை சபை முழுவதும் பார்க்க எழுந்து நின்று, கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள், நீங்கள் அழுதிருப்பீர்கள், அவள் அப்பாவுக்கு முகம் மலர்ந்திருக்கும். அதே குழந்தைக்குச் சில மாதம் கழித்து ஒரு ராத்திரி மறுபடி நெஞ்சை அடைத்தால் அவள் என்ன நினைப்பாள்? நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைப்பாள். இல்லையென்றால் என் விசுவாசம் குறைந்துவிட்டது, அதனால்தான் திரும்ப வந்துவிட்டது என்று நினைப்பாள். இரண்டில் எதை நினைத்தாலும் வாய் திறக்க மாட்டாள். தலையணையை எடுத்துச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். வீட்டின் விசுவாசம் முழுவதையும் அவள் ஒரு உடம்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள், அவளும் உங்களை அவமானப்படுத்தக் கூடாது என்று சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. நான்கு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை இரண்டு வருடம் தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை என்றால் அம்மா பயப்பட வேண்டாமா?

அவள் அன்று சொன்ன சாட்சி பொய்யில்லை. ஆஸ்துமா மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் அடங்கியிருந்துவிட்டுத் திரும்பி வரும். அன்று அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது, அதற்கு நன்றி சொன்னாள். இன்று வரவில்லை, அதைச் சொல்லவும் அவளுக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதியை நீங்கள் வாய் திறந்து கொடுத்தால்தான் உண்டு.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று உங்கள் கணவர் சொன்னால், எசேக்கியா ராஜா கதையைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம். சாகக் கிடந்த அவரிடம், நான் உன்னைக் குணமாக்குவேன், உன் ஆயுளில் 15 வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லிக் கட்டியின் மேல் வைக்கச் செய்கிறார். வாக்குத்தத்தம் கிடைத்த ராஜாவுக்கே பற்றுப் போட்டார்கள். பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா வைத்தியர், கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்றுதான் சொல்கிறார். ஜெபிக்கிற கை மருந்தைத் தொடக்கூடாது என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

இயற்கை விஷயத்துக்கு வருகிறேன். கஷாயத்தையும் தைலத்தையும் நான் கேவலமாக நினைப்பவள் இல்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சளி இருமல் என்றால் தேன் கொடுப்பது இதமாக இருக்கும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கடைசிக் குழந்தைக்கு 9 மாதம்தான், அதற்கும் தேன் தடவுகிறீர்களா? தடவினால் இன்றோடு நிறுத்துங்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும், குழந்தை துவண்டுபோய் மூச்சுத் தசைகள்கூட வேலை செய்யாமல் போகும். ஒரு வயது முடியட்டும், அப்புறம் கொடுங்கள்.

ஆவி பிடிப்பதும் அப்படித்தான். மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கலாம், ஆஸ்துமாவுக்கு அது மருந்து கிடையாது. காட்டமான தைல வாசனை சில பிள்ளைகளின் மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதும் நடக்கிறது. பெரியவள் படுக்கும் அறையில் இதையெல்லாம் இப்போதே விட்டுவிடுங்கள்.

செடியிலிருந்து வந்தது உடம்பை ஒன்றும் செய்யாது, டாக்டர் கொடுப்பது எல்லாம் ரசாயனம் என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. 1960களில் ராஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவர், அவரே ஆஸ்துமா நோயாளி, கெல்லா என்ற பழைய மூலிகையிலிருந்து கிடைத்த ஒரு சரக்கை மாற்றி மாற்றிச் செய்த பொருட்களைத் தன் நுரையீரலிலேயே சோதித்தார். வேண்டுமென்றே தனக்கு ஒவ்வாத பொருளை மூச்சில் இழுத்துத் தன்னையே திணற வைத்து, எது தடுக்கிறது என்று பார்த்தார். குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து அப்படி வந்தது. மூலிகையை மதிக்கிறவர் என்றால், எந்த மூலிகை எந்த அளவில் எந்த நோய்க்கு என்று தன் உடம்பை வைத்துத் தேடிய அந்த மனிதரையும் மதிக்க வேண்டும் இல்லையா?

இன்றைக்கு மருத்துவர் இன்ஹேலர்தான் பெரும்பாலும் கொடுப்பார். மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் திறக்கும் சல்புடமால் 1969-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்ற வேண்டும், அதற்குத்தான் ஸ்டீராய்டு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் பயம் வரும், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். மாத்திரை மாதிரி அதிக அளவில் உடம்பு முழுக்கப் போகாமல் மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. வருடக்கணக்கில் எடுக்கும் பிள்ளைகள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறையலாம். உபயோகித்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும். ஒரு பக்கம் இவ்வளவுதான். இன்னொரு பக்கம் தூங்க முடியாத பிள்ளை, எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய கடுமையான மூச்சுத்திணறல். நானாக இருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன்.

இன்று ராத்திரி அவள் பக்கத்தில் படுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் முழித்திருந்து அவள் மூச்சைக் கேளுங்கள். நாளைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அப்பா பக்கத்தில் வேண்டாம், தம்பி தங்கைகளும் வேண்டாம். உனக்கு வீசிங் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிடுவாள். நீ உட்கார்ந்து தூங்குவதைப் பார்த்தேன், நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், படுத்தால் என்ன செய்கிறது என்று சொல், உன் மேல் யாருக்கும் கோபம் இல்லை, கர்த்தருக்கும் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த வாரத்துக்குள் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி மூச்சை அளப்பார்கள், வலிக்காது, அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே போனாலோ, உதடு நீலமானாலோ, நேராக அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள், கணவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சத்தம் இல்லாமல் ஆனால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், காற்றே உள்ளே போகாததாலும் சத்தம் நிற்கும்.

வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. வேதத்தையும் கணக்கையும் ஒரே மேசையில் கற்றுக்கொண்டு, தம்பி தங்கைகளோடு சேர்ந்து வளர்வது நல்ல வாழ்க்கை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெண் இருந்திருந்தால் விளையாட்டு ஆசிரியர் ஒருவர், பாதி மைதானத்தில் நிற்கிறாளே என்று கேட்டிருப்பார், பக்கத்து பெஞ்சுத் தோழி, ராத்திரி தூங்கினாயா என்று கேட்டிருப்பாள். அத்தனை பேர் வேலையையும் எங்களுக்குக் கொடுங்கள் என்று நீங்களாக வாங்கிக்கொண்டீர்கள். அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கக்கூடியதை நீங்கள் ஒருவர் பார்க்க வேண்டும், அதுதான் கடமை. தன் உடம்புக்கு மருந்து வேண்டாம் என்று பெரியவர்கள் வைராக்கியம் பிடிக்கட்டும், அது அவர்கள் பாடு. பிள்ளையின் உடம்பை வைத்து வைராக்கியம் காட்ட அப்பாவுக்கும் உரிமை இல்லை, அம்மாவுக்கும் இல்லை. குடும்பத் தலைவர் என்கிற உங்கள் கணவர் இந்த ஒரு விஷயத்தில் தலைவராக நடந்து, அவளை அவரே மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனால் அவளுக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

இப்போது உங்கள் தங்கை. உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்து இந்தப் பிள்ளையைக் கவனித்துப் பார்த்த ஒரே ஆள் அவள், அவளுக்குத்தான் கதவைச் சாத்தப் பார்க்கிறீர்கள். அவள் வாயை அடைக்க நான் வழி சொல்ல மாட்டேன். இன்றைக்கே போன் செய்து, நீ என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் அவளும் கூட வரட்டும், கேட்க வேண்டிய கேள்விகள் அவளுக்குத் தெரியும். பெரியவளை அவள் சித்தியோடு தனியாகப் பேச விடுங்கள், உங்களிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லலாம்.

சபையில் யாராவது இன்ஹேலரைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் உங்கள் கணவரும். பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தாதீர்கள்.