ஸ்போர் கட்டும் பாக்டீரியா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பேசிலஸ் என்ற பாக்டீரியா இனத்தைப் பற்றி எதுவும் கேட்கலாம் என்றிருந்தேன். தீனி தீர்ந்தால் இது கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவம் எடுக்கும், அதுதான் ஸ்போர். பாதிப் பேர் சோற்றைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். சரி, பார்ப்போம்.

மதுரை, கல்லூரி மாணவி: பேசிலஸ் சப்டிலிஸை ஒரு ராத்திரி பிராத்தில் (சத்து நீரில்) வளர்த்து, ஸ்போரைப் பச்சையாகக் காட்டும் மாலகைட் பச்சைச் சாயம் போட்டேன். எல்லாம் சாதாரணச் செல்போலச் சிவப்பாகவே தெரிகிறது, பச்சை ஸ்போர் ஒன்றுகூட இல்லை. என்ன தப்பு?

அநேகமாகக் கல்ச்சர்தான் இளசு. தீனி இருக்கும்வரை அது ஏன் ஸ்போர் கட்டப்போகிறது? தீனி தீரும்போதுதான், ஸ்போர் வேலையைத் தொடங்கிவைக்கும் ஸ்போ0ஏ என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். அது போதுமான அளவு சேர்ந்ததும் செல் நடுவில் பிரியாமல் ஒரு முனையோரம் சுவர் எழுப்பும். சின்ன அறை ஸ்போராகும், பெரியது தாய்செல். இரண்டிலும் மரபணுக்கள் ஒன்றுதான், உண்டாகும் புரதங்கள் வேறு. மரபணுவைப் படிக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸுக்கு எதைப் படிப்பது என்று காட்டும் சிக்மா காரணி என்ற புரதம் மாறிவிடுகிறது: சின்ன அறையில் முதலில் எஃப், பிறகு ஜி, தாய்செல்லில் ஈ, பிறகு கே. ஒரு அறையிலிருந்து சேதி வந்தால்தான் மற்றதில் அடுத்த காரணி விழிக்கும். அழகே அதில்தான். ஜி வந்ததும் எஸ்ஏஎஸ்பி என்ற சிறு புரதங்கள் குவிந்து டிஎன்ஏவைப் போர்த்தும். புற ஊதாக் கதிரை ஸ்போர் தாங்குவது முக்கியமாக இவற்றால். கே வந்தபின் தாய்செல் மேலுறைப் புரதங்களை அடுக்கி முடித்து, உடைந்து சாகும். 37 டிகிரியில் இதற்கு 7, 8 மணி நேரம், அதுவும் தீனி தீர்ந்த பிறகு. அகரில் (கெட்டியான வளர்ப்புக் கூழில்) இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். சாயம் போடும்போது ஆவி காட்ட மறக்காதீர்கள்.

உசிலம்பட்டி, பருத்தி விவசாயி: புழுவுக்கு அடிக்கும் பி.டி. பவுடரும் இந்த இனமா?

ஆமாம், பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ். ஸ்போர் கட்டும் வேளையில்தான் தாய்செல்லுக்குள், புழுவைக் கொல்லும் கிரை என்ற புரதம் படிகமாகத் திரளும். செல்லின் உலர் எடையில் 20 முதல் 30 சதவீதம்வரை போகும். புழு தின்றால்தான் வேலை செய்யும். வெயில் அதைக் கெடுக்கும், சாயங்காலம் அடியுங்கள்.

திருமங்கலம்: ராத்திரிச் சோற்றைக் காலையில் கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. சோற்றில் வரும் பேசிலஸ் சீரியஸின் ஸ்போர் உலைக்கொதியிலும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது விடும் வாந்தி நஞ்சு 121 டிகிரியிலும் கெடாது.

விளாங்குடி: குக்கரில் வைத்தால்?

மேலே படியுங்கள். 121 டிகிரி என்றது குக்கர் சூட்டைத்தான்.

மேலூர்: எங்கள் அப்பத்தா காலமெல்லாம் பழைய சோறுதான் தின்றார். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஐயா, அவர் தின்றது தண்ணீர் ஊற்றிய சோறு. லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்க வைத்ததும் சீரியஸ் அடங்கும். நான் சொல்வது ஹாட்பாக்ஸில் மூடிக் கிடக்கும் சோறு.

மேலூர், மறுபடி: கல்யாண வீட்டு அண்டாவில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால்?

எப்போது ஊற்றினீர்கள்? அண்டாச் சோறு நடுவில் ரொம்ப நேரம் சூடு தணியாது. சாயங்காலம்வரை கிடந்ததில் ஊற்றும் தண்ணீர், உண்டான நஞ்சை எடுக்காது. வடித்த கையோடு தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு ஊற்றினால் உங்கள் கட்சிக்கே நானும் வருகிறேன்.

ஆனையூர்: மைக்ரோவேவில் சூடாக்கினால்?

திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதேதான்! அடுப்பு மாறினால் நஞ்சு மாறாது.

பெயர் வேண்டாம் என்றவர்: பிள்ளைக்கு நேற்றிலிருந்து வாந்தி.

இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செல்லூர்: தயிர் பாக்டீரியா ஸ்போர் கட்டுமா?

கட்டாது. அதனால்தான் கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் தோய்வதில்லை.